ஆட்டோவில் வந்த அக்கா குரல்

வாலிநோக்கம்
11.3.2003

அன்பு மகள் சண்முகவள்ளிக்கு, அம்மா பஞ்சம்மாள் வாயால் சொல்ல, உன் ஒரே தம்பி கூத்தையா கையால் எழுதுவது. இங்கே அம்மா, நான், ஆடு இரண்டு, கோழி ஒன்று, அனைவரும் சுகம். அய்யா உப்பு லாரியோடு கேரளா பக்கம் போயிருக்கிறார், போன இடத்திலும் சுகமாகத்தான் இருப்பார். மெட்ராஸில் நீ சுகமா, ஹாஸ்டல் சோறு சோறு மாதிரி இருக்கிறதா, ராத்திரி கதவைத் தாழ் போட்டுத் தூங்குகிறாயா என்பதற்கெல்லாம் தனித்தனியாகப் பதில் போடவும். இவ்வளவும் அம்மா சொன்னது. ஆடும் கோழியும் மட்டும் நான் சேர்த்தது.

முதலில் தலைப்புச் செய்தி. இதனால் சகலமான பேருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நமது இல்லத்துப் பெட்டைக்கோழி, நீண்ட கால மௌனத்தைக் கலைத்து, நேற்றுக் காலை அம்மாவின் சும்மாட்டுத் துணிமேல் அமர்ந்து ஒரு முட்டையிட்டது. தாயும் முட்டையும் நலம். ஊரே கூடிக் கொண்டாட வேண்டிய அந்த நேரத்தில் அம்மா மட்டும் முட்டையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது நம்ம கோழி போட்டதுதானா, இல்ல பக்கத்து வீட்டு ராக்கு கோழி வந்து போட்டுட்டுப் போனதுக்கு இது கொக்கரிக்குதா என்று கேட்டாள். அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாததா. மீன்காரர் தராசைத் தூக்கினால் தட்டின் அடியில் தடவிப் பார்ப்பாள், தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தால் கவரின் ஒட்டு பிரிந்து மறுபடி ஒட்டியதா என்று பார்ப்பாள், பாத்தியில் உப்பு விளைந்து நிற்கிற நேரத்தில் வானம் கறுத்தால் யார் வேண்டுதல்டி இது என்று மேகத்தையே விசாரிப்பாள்.

அடுத்து விளையாட்டுச் செய்தி. சிக்கல் ஊரில் நடந்த கிரிக்கெட் டோர்னமெண்டில் உன் தம்பி கடைசி ஓவரில் சிக்ஸராக விளாசி, சிக்கல் அணியைப் பெரும் சிக்கலில் விட்டு, ஆட்ட நாயகன் பட்டமும் புத்தம் புது பேட்டும் பரிசாகப் பெற்று வந்திருக்கிறான். ஊரில் இதற்கு வளைவு வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. அம்மாவோ, ஏலே, ஆட்டப் பத்திக்கிட்டு வாடான்னா வழியில விட்டுட்டு வர்றவனுக்கு எவன்லே ஆட்ட நாயகன்னு பேரு வச்சது, அந்த மேட்சப் பாத்தவன் ஒருத்தனையாச்சும் கூட்டிட்டு வா, நான் கேக்குறேன் என்கிறாள். நான் பேட்டையே சாட்சியாக நிறுத்தினேன். பேட் வாய் திறக்கவில்லை, அதனால் வழக்கு தள்ளுபடி.

இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் சொல்றதத்தான் எழுதுறியா, ஒரு வாய்க்கு இத்தனை எழுத்தா என்று தாளை எட்டிப் பார்க்கிறாள். அறிவொளி முதியோர் வகுப்பில் படித்ததில் பஸ் போர்டும் தன் கையெழுத்தும் அம்மாவுக்கு வரும், என் கையெழுத்து வராது. அதை வாசிக்க எங்கள் தமிழ் டீச்சர் மெஹருன்னிசாவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். (அவர் வகுப்பில் தூங்காமல் இருப்பது அவர் ஒருவர்தான். இதை அம்மா சொல்லவில்லை.) ஆகவே அக்கா, இந்தக் கடிதத்தில் நான் ராஜா, பயப்படாமல் வாசி.

உன் போன கடிதத்தை வாசித்துக் காட்டிய நாளிலிருந்து அம்மாவுக்கு உறக்கம் இல்லை. கல்லூரி விட்டதும் சாயங்காலம் ஒரு ரெக்கார்டிங் கூடத்துக்குப் போய்ப் பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடங்களைக் கேசட்டில் வாசித்துக் கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள், இங்கிலீஷில் வரும் நோட்டீசைத் தமிழில் எழுதிக் கொடுத்தாலும் தருகிறார்கள், புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் இனி வீட்டில் கேட்க வேண்டாம், படிப்பு முடிவதற்குள் ரேடியோவில் உட்கார்ந்துவிடுவேன் என்று நீ எழுதியிருந்தாய். நான் கைதட்டினேன். அம்மா கைதட்டவில்லை, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். முதல் கேள்வி, நீ படிப்பது என்ன. தொடர்பியல் என்று நானும் எத்தனை தடவை சொல்லிவிட்டேன், சொல்லும்போதெல்லாம் யாரோட தொடர்பு என்று கேட்கிறாள். உனக்குத் தொடர்பியல், அம்மாவுக்குத் தொடர் பயம். பேசுவதற்கும் எழுதுவதற்கும் உள்ள படிப்பு என்று விளக்கினால், பேசுறதுக்கு ஒரு படிப்பா, அப்பிடின்னா எங்க பாத்தியில நிக்கிற பொம்பளைக அம்புட்டுப் பேருக்கும் பட்டம் குடுக்கணுமே என்கிறாள். பகுதி நேர வேலை என்று வாசித்தேன், மிச்சப் பகுதி எங்க போகுது என்றாள். அடைத்த அறைக்குள் காதில் மாட்டிக்கொண்டு பேசுவேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையைக் காட்டியதும் தொடங்குவேன் என்று நீ ஆசை ஆசையாக எழுதியிருந்தாயே, அதற்குத்தான் பெரிய விசாரணை. அறைக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா, கண்ணாடிக்கு அங்கிட்டு நின்னு கையக் காட்டுறவன் யாரு, கல்யாணம் ஆனவனா ஆகாதவனா, கையை எதுக்குக் காட்டணும், வாயத் திறந்து சொன்னா ஆகாதா. இங்கன பாத்தியில கூலி வாங்குறோம்னா குடுக்குற கங்காணி யாரு, அவன் பொண்டாட்டி யாரு, எந்த ஊருங்கிற வரைக்கும் தெரியும், நீ கூலி வந்துச்சுன்னு எழுதியிருக்கியே ஒழிய குடுத்தவன் பேர எழுதலையே, பேரில்லாத கூலிக்குப் பின்னாடி ஏதோ இருக்குது என்று அம்மா சொல்கிறாள். அதோடு, படிக்கிற பிள்ளை சம்பாதிக்க ஆரம்பிச்சிட்டா படிப்புப் பக்கம் முதுகு திரும்பிரும், இது பொதுவா எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்றேன், எழுதுறவனுக்கும் சேத்துத்தான் என்கிறாள். என் பெயர் இங்கே எதற்கு வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

இனி சொல்லப் போவது முக்கியம், சிரிக்காம எழுதுடா என்று உத்தரவு. சிரிக்காமல் எழுதுகிறேன்.

மாசி பிறந்த மறுவாரம், மத்தியானம், பாத்தியில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் கொட்டகை நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்த நேரம். கடலாடி மைக்செட் மருதுபாண்டியின் ஆட்டோ, மேலே குழாய் கட்டிக்கொண்டு, வரப்பு ரோட்டில் மெதுவாக வந்ததாம். வழக்கம்போல ஜவுளிக்கடைத் தள்ளுபடியாக இருக்கும் என்று ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லையாம். அப்போதுதான் குழாயிலிருந்து, அன்பார்ந்த தாய்மார்களே, உங்கள் வாலிநோக்கம் சண்முகவள்ளி பேசுகிறேன் என்று வந்ததாம். அம்மா கையில் இருந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. ஏ பஞ்சம்மா, ஒம்மகடி, மெட்ராஸ்ல இருந்து பேசுறாடி என்று ஆளாளுக்கு எழுந்து ஓடினார்களாம். பாதவெடிப்புக் களிம்பு விளம்பரம். வருஷம் முழுக்கக் கால் வெடித்து, அந்த வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி, படுத்தால் தூக்கம் வராமல் கிடக்கிறவர்கள் அவர்கள். ராத்திரி தடவிப் படுத்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும் என்று நீ சொன்னாய். அதோடு நிறுத்தாமல், உப்பு வாருகிற என் தாய்மார்களே, காலையில் இதைத் தடவிக்கொண்டே நீங்கள் பாத்தியில் இறங்கலாம், உப்புத் தண்ணீர் உங்களை ஒன்றும் செய்யாது என்றும் சொன்னாய். குரல் மட்டும் நடுவில் ஓர் இடத்தில் கரகரத்து உடைந்ததாம், பிள்ளைக்குச் சளி போல, மெட்ராஸ் தண்ணி சேரல போல என்று அம்மா அப்போதும் உன் தொண்டைக்காகத்தான் கவலைப்பட்டாள். சுக்கு தட்டிப் போட்டுக் குடிக்கவும்.

அம்மா உன்மேல் கோபப்படுவதைவிடத் தன்மேல்தான் அதிகம் கோபப்படுகிறாள். ஊரில் எதை எடுத்தாலும் சந்தேகப்படுற நான் அன்னைக்கி ஒரு நாள் சந்தேகப்படலையே என்கிறாள். ராக்கு சித்தி, வாங்கலாமாக்கா என்று கேட்டதற்கு, எம்மக பொய் சொல்ல மாட்டா, வாங்குடி என்று அம்மாதான் சொல்லியிருக்கிறாள். மற்றவர்களும் உன் குரலுக்காகத்தான் வாங்கினார்கள். பத்தாவது படிக்கும்போதே சாயங்காலம் அவர்கள் நீட்டுகிற மாத்திரை அட்டையை எல்லாம் வாசித்து, இது காலையில, இது ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம், இத வெறும் வயித்துல போடாதீக என்று சொன்னவள் நீ. திருவிழா மைக்கில் நன்கொடை வாசித்தாலும் ஒருத்தர் பெயரைத் தப்பாகச் சொல்லாதவள். அந்தக் குரல் மருந்து என்று சொன்னால் இந்தப் பெண்கள் விஷத்தைக்கூட மருந்து என்று தடவுவார்கள். தடவினார்கள்.

மறுநாள் காலையில் தடவிக்கொண்டு இறங்கியவர்களில் பாதிப் பேர் எரிச்சல் தாங்காமல் வரப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். களிம்பு தோலை ஊற வைத்துவிட்டது, ஊறிய தோலுக்குள் உப்பு இறங்கிவிட்டது. அவர்கள் கழுவிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்கள். ராக்கு சித்தி மட்டும், வள்ளி சொன்னா சரியாத்தான் இருக்கும், மொதல்ல எரிஞ்சாத்தான் பெறகு ஆறும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் தடவித் தடவி இறங்கியிருக்கிறாள். குதிகால் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. ஆஸ்பத்திரி நர்சம்மா கட்டுப் போடும்போது களிம்பை வாங்கிப் பார்த்துவிட்டு, மருந்துல குத்தமில்ல, காலைக் காயவச்சு ராத்திரி போடவேண்டிய மருந்து, இதப் போட்டுக்கிட்டு உப்புத் தண்ணியில நிக்கச் சொன்னது எந்தப் புண்ணியவாளன் என்று கேட்டாராம். சித்தி இடத்துக்குப் பாத்தியில் வேற ஆள் வந்துவிட்டது, உப்பு விளைகிற இந்த மாதங்களை விட்டால் சித்திக்கு வேறு வேலை ஏது.

(பேனா மை மக்கர் செய்கிறது. உதறிவிட்டு எழுதுகிறேன்.)

இப்போது சித்தி என் பேட்டைத் தலைகீழாக ஊன்றித்தான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள். ஆட்ட நாயகன் பேட்டை ஒரு வார்த்தைகூட யோசிக்காமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன் என்பதை இங்கே அடக்கத்தோடு பதிவு செய்கிறேன். அன்றைக்கு அம்மாவே என் முதுகில் தட்டினாள். தட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, நீ இப்பிடிப்பட்ட ஆளில்லையேலே என்று என் முகத்தைப் பார்த்தாள்.

கொட்டகையில் அம்மா போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் பேச்சு நின்றுவிடுகிறதாம். ஒருத்தி மட்டும் முகத்துக்கு நேராக, ஒம்மக மெட்ராஸ்ல குளுகுளு ரூம்ல உக்காந்து பேசிக் காசு வாங்கிட்டா, எங்க காலு இங்கன எரியுது என்றாளாம். அம்மா அன்று சோற்றைத் திறக்காமலே கொண்டுவந்துவிட்டாள். ராக்கு சித்தி உன்னைக் குறை சொல்லவில்லை. சின்னப்பிள்ளை, அதுக்கு எழுதிக் குடுத்தத வாசிச்சிருக்கும், விடுக்கா என்றுதான் சொன்னாளாம். ஆனால் அம்மா விடுவதாக இல்லை. அம்மாவின் கணக்கு இது. மெட்ராஸ் கம்பெனிக்காரனுக்குக் களிம்பு தெரியும், வெடிப்பு தெரியும். காலையில் பாத்தியில் இறங்குகிறது தெரியுமா, உப்பு வாருகிறது என்ற வார்த்தை தெரியுமா? அவன் அள்ளுறதுன்னுதான் சொல்லுவான், வாருறதுன்னு சொல்றவ எங்க கூட நின்னு வளந்த பிள்ளைதான், அந்த ஒரு வரி எம் வீட்டுல பொறந்த வாயில இருந்துதான் வந்திருக்கு, அது எனக்கு நல்லாத் தெரியும் என்று சொல்கிறாள் அம்மா.

ஆகவே நீ பதில் சொல்ல வேண்டியது இதுதான். அந்த வரியை உன்னைச் சொல்லச் சொன்னது யார், இல்லை கூடக் கொஞ்சம் கிடைக்குமென்று நீயாகச் சேர்த்துச் சொன்னாயா? தடவிப் பார்க்காத மருந்தை, போய்ப் பார்க்காத கடையை, நல்லது என்று சொல்ல எப்படி வாய் வந்தது? பேசுறதுக்குக் கூலி வாங்கு, வேண்டாங்கல, வாங்குறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ நீ தடவிப் பாரு, காலு வெந்தா ஒங்காலு வேகட்டும் என்று அம்மா சொல்கிறாள். போனில் கேட்கலாம்தான், ஆனால் வாவு முகம்மது பூத்தில் உள்ளே ஒருத்தர் பேசினால் வெளியே நிற்கிறவர்களுக்குக் காது முளைக்கும், அதனால்தான் கடிதம்.

அய்யாவுக்கு இன்னும் தெரியாது. இந்த வாரக் கடைசியில் லாரி திரும்பிவிடும். டீக்கடையில் இறங்கினால் யாராவது சொல்லிவிடுவார்கள், அதற்கு முன்னால் அம்மாவே சொல்லிவிடுவாள். பொம்பளைப் பிள்ளைய மெட்ராஸ் அனுப்பாதன்னு அன்னைக்கே சொன்ன மனுசன் அவுக, கேட்ட கையோட ராமநாதபுரம் போயி ரயிலேறிருவாக, பெட்டியோட ஒன்னையக் கூட்டிட்டு வந்துருவாக, நடுவுல விழுந்து தடுக்க இந்தத் தடவ எனக்கு வாய் இல்ல என்கிறாள். இந்தப் படிப்புக்காக அய்யாவிடம் வாதாடி வாதாடி உன்னை அனுப்பி வைத்த அதே அம்மா, அக்கா. உன் பதில் நேர்மையாக இருந்தால் ராக்கு முன்னால் நிற்க அம்மாவுக்கு ஒரு வழி கிடைக்கும், பொய்யாக இருந்தால் நீயே பெட்டியைக் கட்டி வைத்துவிடு.

கோபத்தில் சொன்னாலும் நீ நல்லா இருக்கணும், நாலு பேர் காது குளிரப் பேசணும், முனியசாமி கோயிலில் உன் பேருக்கு எண்ணெய் ஊற்றி வருகிறேன் என்று எழுதச் சொல்கிறாள். வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. அந்தக் கண்ணாடி அறையில் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதை மறக்காமல் எழுது.

உன் அம்மா
பஞ்சம்மாள்
(இது அம்மாவே போட்ட கையெழுத்து. "ள்" வரியை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது.)

அக்கா, இனி வருவது அம்மா சொன்னது இல்லை. இது முழுக்க நான் சேர்த்தது.

கையெழுத்துப் போட்டதும் அம்மா கவரையும் பசையையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நீ என்ன எழுதியிருக்கேன்னு எனக்கென்ன தெரியும், காலையில மெஹருன்னிசா டீச்சர் பள்ளிக்கூடம் போறப்ப கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் ஒட்டுவேன் என்று சொல்லிவிட்டு, ராக்கு சித்தி காலுக்கு ஒத்தடம் கொடுக்கப் போய்விட்டாள். டீச்சரைப் பற்றி மேலே நான் எழுதியிருப்பது எனக்கு நினைவு வந்தது. வேறு தாள் எடுத்துப் புதிதாக, ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கோழி வரைக்கும் நன்றாக வந்தது. அந்த வரியை யார் சொல்லச் சொன்னது, நீயாகச் சேர்த்தாயா என்று உன்னைக் கேட்கிற இடத்தை இன்னொரு தடவை என் கையாலேயே எழுத எனக்கு வரவில்லை. புதுத் தாளைக் கிழித்து ஆட்டுக்குப் போட்டேன், பழையதையே வைத்துவிட்டேன்.

ஆட்டோவில் பேசியது நான்.

நீ பள்ளிக்கூட அசெம்பிளியில் செய்தி வாசிக்கிற காலத்திலிருந்து உன்னை மாதிரி பேசிக் காட்டி நான் பயல்களைச் சிரிக்க வைப்பது உனக்குத் தெரியும், அதற்காக உன்னிடம் குட்டும் வாங்கியிருக்கிறேன். மருதுபாண்டி அண்ணனுக்கும் அது தெரியும். களிம்பு விற்கிறவர் ஒருவர் வந்து விளம்பரம் கேட்டபோது, உங்க அக்கா பேசுனா இந்தப் பக்கம் பூரா வாங்கும்டா, அது மெட்ராஸ்ல இருக்கு, நீ எங்க ஒரு தடவ அது மாதிரி பேசு பாப்போம் என்றார். கடைக்குப் பின்னால் சாக்குத் தொங்கவிட்ட அறை, ஒரு மைக், எனக்கு முன்னால் அவர் நின்று கையைக் காட்டினார். நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி. எனக்கு நானே மெட்ராஸில் இருப்பது போல இருந்தது. அவர்கள் எழுதிக் கொடுத்ததில் ராத்திரி தடவிப் படுப்பது வரைதான் இருந்தது. அதை வாசித்து முடித்த பிறகும் டேப் ஓடிக்கொண்டிருந்தது, நான் நம் ஊர்ப் பிள்ளை, இவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நினைப்பில் உப்பு வாருகிற தாய்மார்களையும் பாத்தியையும் நானே சேர்த்தேன். அண்ணன் கைதட்டினார். களிம்புக்காரர், தம்பி பெரிய ஆளா வருவான் என்றார். குரல் உடைந்தது மெட்ராஸ் தண்ணீரால் இல்லை, எனக்கு மீசை முளைக்கிறது, அதனால்.

அதற்குக் கூலியாகத்தான் சிக்கல் டோர்னமெண்டையும் நடத்துகிற அண்ணன் பரிசுக்கென்று வாங்கி வைத்திருந்ததில் ஒரு பேட்டை எடுத்துக் கொடுத்தார். சிக்கல் மேட்சில் நான் முதல் பந்திலேயே அவுட். அதை மைக்கில் அறிவித்ததும் நான்தான். ஆட்ட நாயகன் எல்லாம் இல்லை, ஆட்டோ நாயகன். பேட்டைச் சித்திக்குக் கொடுத்ததும் பெருந்தன்மையில் இல்லை. சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் வந்து, எலே கூத்தையா, வள்ளிக்கு எழுதுனா காலு பரவாயில்லைன்னு எழுது, பிள்ள வருத்தப்படும் என்று சொன்னாள். அந்த பேட்டை அதற்குப் பிறகு வீட்டில் வைத்திருக்க முடியவில்லை.

இத்தனை நாளும் அம்மா உன்னைத் திட்டும்போது உண்மை வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. உன்னை மாதிரி, தலைவர் மாதிரி, நர்சம்மா மாதிரி எல்லாம் பேச வருகிறது, என்னை மாதிரிப் பேசி நான்தான் என்று சொல்ல வரவில்லை. நீ பெட்டி கட்ட வேண்டாம். நீ பதில் எழுதுவதற்கு முன்னாலேயே, நாளைக் காலையிலேயே, அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அய்யா வந்து இறங்கும்போது அடி வாங்கப் போகிறவன் இங்கேயே இருக்கிறான், அதற்கு ரயிலேறி மெட்ராஸ் வரைக்கும் போகத் தேவையில்லை. நீ ரேடியோவில் உட்காரு. நான் உன் குரலைத் தொட மாட்டேன்.

டீச்சர், இதுவரை வாசித்துவிட்டீர்கள் என்றால், வகுப்பில் தூங்குவதைப் பற்றி எழுதியதற்கு மன்னிக்கவும், அது இரண்டாவது குற்றம்தான். அம்மாவின் பக்கம் பார்க்காமல் மெதுவாக வாசியுங்கள், உப்பு வாருகிற பலகை கதவுக்குப் பின்னால்தான் சாத்தியிருக்கிறது. என்னைத் தேட வேண்டாம் என்று சொல்லுங்கள், ராக்கு சித்தி வீட்டில் இருப்பேன். அங்கே உட்கார்ந்து சித்தியிடம் இதை வாயால் சொல்லிக்கொண்டிருப்பேன். குரல் நடுவில் உடைவது இங்கே வரைக்கும் கேட்டால், அது சளி இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.